கொடியேறின பிறகு ஒரு பூச்சிக் குளிசை

நாய்க்குட்டியின் வயிறு உருண்டு திரண்டு இருந்தால் அது நன்றாகப் பால் குடித்திருக்கிறது என்று அர்த்தமில்லை. இதை நான் அறிந்துகொள்ள நாலு குட்டிகள் சாக வேண்டியிருந்தது.

எங்கள் வீடு உரும்பிராயில், தோட்டங்களுக்கு நடுவே. வீட்டில் நானும் அவரும் மட்டும்தான். அவர் வெங்காயமும் பீற்றூட்டும் போடுகிறார். நான் யாழ்ப்பாணம் போய் ஒரு கந்தோரில் கோப்புகளோடு மாரடிக்கிறேன். பெட்டை நாய் நாங்கள் தேடிப் பிடித்து வளர்த்ததில்லை. ஒழுங்கையில் திரிந்தது, ஒருநாள் படலை திறந்திருந்த நேரம் பார்த்து உள்ளே வந்து விறகுக் கொட்டிலில் படுத்தது, பிறகு போகவில்லை. அதன் மூக்கைச் சுற்றி மயிர் முளைக்காத ஒரு தழும்பு இருந்தது. யாரோ எப்போதோ கம்பியால் வாயைக் கட்டியிருக்கிறார்கள். தலையைத் தடவ விடும், காதைச் சொறிய விடும், வாய்ப்பக்கம் கை போனால் மட்டும் உறுமும்.

முதல் ஈற்றில் நாலு குட்டி. மூன்றாம் கிழமை அதுகளின் வயிறுகள் பந்தாக வந்தன. எனக்கென்றால் பெருமை தாங்கவில்லை. மல்லாக்கப் படுக்க வைத்துப் படம் எடுத்து, கனடாவில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினேன். என்ன சாப்பாடு குடுக்கிறாய் என்று அவள் கேட்டாள். பசுப்பாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து நானே வைக்கிறேன் என்று பெரிய வளர்ப்புக்காரி போலப் பதில் எழுதினேன். அடுத்த கிழமை ஒன்று எழும்பவில்லை. அதற்கடுத்த நாள் இன்னொன்று. மூன்றாவது என் கண்ணுக்கு முன்னால் சத்தி எடுத்தது. வந்தது பால் இல்லை, இடியப்பத் தும்புகள் மாதிரி வெள்ளைப் பூச்சிகள், நெளிந்துகொண்டு. அதன் பிறகு கனநாள் நான் இடியப்பம் அவிக்கவில்லை.

கண்ணூறு என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். படம் எடுத்து அனுப்பினது நான்தானே என்று எனக்கும் பட்டது. செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நன்றாகக் கமறியது, நாலாவது குட்டியும் செத்தது. அதற்குப் பிறகுதான் எனக்கு மிருக வைத்தியரிடம் போகத் தோன்றியது. இளம் பிள்ளை, முகத்துக்கு நேரே பேசுகிறவர். என் தொலைபேசியில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, உது கொழுப்பில்லை. வயிறு முழுக்கப் பூச்சி. இந்தப் படம் எடுத்த அண்டைக்கே கொண்டு வந்திருந்தால் காப்பாத்தியிருக்கலாம்."

நான் படத்தை அழித்தேன். தங்கையிடமும் அழிக்கச் சொன்னேன். 

அடுத்த வருடம் நாய் மூன்று குட்டிகள் போட்டது. இரண்டு செம்மறை, வெள்ளையில் சிவப்புத் திட்டு. கடைசியாக வந்தது கறுப்பு, மற்ற இரண்டிலும் பார்க்கச் சிறியது. இந்த மூன்றும் சாகக் கூடாது என்று நான் மனதுக்குள் பிடிவாதமாக நின்றேன். குட்டிகள் கண் திறக்க முன்னமே வைத்தியரிடம் போய் நின்றேன். அவர் குட்டிகளுக்குப் பாணி மருந்தும் தாய்க்கு விழுங்கக் குளிசையும் தந்தார்.

"ரெண்டு கிழமைக்கு ஒருக்கா குடுக்கவேணும். தாய்க்கும் குட்டியளுக்கும் ஒரே நாளில. தாயை விட்டிட்டுக் குட்டியளுக்கு மட்டும் குடுத்துப் பிரயோசனம் இல்லை. பாலுக்குள்ளாலயும் குட்டிக்குப் போகும். தாய் குட்டியளின்ரை பின்பக்கத்தை நக்க, திரும்பத் தாய்க்கும் போகும்."

"ஒருக்காக் குடுத்தால் காணாதோ டொக்டர்?"

"காணாது. குளிசை குடலுக்குள்ள இருக்கிறதைத்தான் கொல்லும். சதைக்குள்ள ஒளிச்சுக் கிடக்கிறது பிறகு இறங்கி வரும். ரெண்டாந்தரம் குடுக்கிறதுதான் ஆளைக் காப்பாத்திறது."

முதல் தடவை சோலி இருக்கவில்லை. குட்டிகளின் கடைவாயில் ஊசி இல்லாத சிறிஞ்சால் பாணியை விட்டேன். தாய்க்கு ஒரு சூடை மீனின் வயிற்றுக்குள் குளிசையைச் செருகிப் போட்டேன். மென்றதா என்றுகூடத் தெரியவில்லை, ஒரே விழுங்கு. மறுநாள் கொட்டிலடியில் கிடந்ததை மண்வெட்டியால் அள்ளி ஆழக் குழிதோண்டிப் புதைத்தேன். சவுக்காரம் போட்டு முழங்கை மட்டும் கழுவினேன். அருவருப்புத்தான், ஆனால் வெளியே கிடக்கிறதைக் கண்டபோது வந்த சந்தோசம் அதிலும் பெரிது.

இரண்டாந்தரம் குடுக்க வேண்டிய நாளைக் குசினிக் கலண்டரில் வட்டம் போட வெளிக்கிட்டபோதுதான் பார்த்தேன். நல்லூர் முருகனுக்குக் கொடி ஏறி எட்டாம் நாள்.

இந்த இடத்தில் என்னுடைய நேர்த்திக்கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வருடத்துக்கு முன் என் மனிசனுக்கு நெஞ்சு அடைத்தது. ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று நான் நேர்ந்தேன். இந்த மனிசன் எழும்பி நடந்தால், வருடா வருடம் கொடியேற்றம் தொடங்கித் தீர்த்தம் முடியுமட்டும் எங்கள் படலைக்குள் மீன், இறைச்சி, முட்டை என்று ஒரு மச்சமும் வராது. தேரன்று அவர் கோயிலைச் சுற்றிப் பிரதட்டை பண்ணுவார். உருளப்போகிற ஆளை ஒரு சொல் கேட்கவில்லை. அவர் அப்போது மயக்கத்தில் கிடந்தார். எழும்பிய பிறகு சொன்னேன். நெஞ்சு வருத்தக்காரனை மணலில் உருட்டப் போறாயோ என்று மட்டும் கேட்டார். பிறகு ஒரு வருடமும் பிசகாமல் உருண்டார். அவருக்கு அதில் அவ்வளவு பயம் கிடையாது. பயம் எல்லாம் எனக்குத்தான். ஒரு முட்டைக்கோது படலைக்குள் வந்தாலும் அவருடைய நெஞ்சு திரும்ப அடைத்துவிடும் என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

கொடியேற்றத்துக்கு முதல்நாள் வீடு முழுக்கக் கழுவுவேன். மீன் சமைக்கிற மச்சச் சட்டிகளைத் தேய்த்து, கொட்டில் பரணில் கவிழ்த்துவிடுவேன். அதோடு நாய்க்கும் சைவம்தான். இருபத்தைந்து நாளும் சோறும் பருப்பும். வேறு வழியில்லாமல் சாப்பிடும், சாப்பிட்டுவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கும்.

எட்டாம் நாள் விடியக் குட்டிகளுக்குப் பாணியைக் கொடுத்துவிட்டுத் தாய்க்குக் குளிசையைப் பிட்டுக்குள் வைத்தேன். பிட்டு முடிந்தது, தட்டில் குளிசை மட்டும் கழுவி வைத்தது போலக் கிடந்தது. வாழைப்பழத்துக்குள் வைத்தேன், பழத்தையே தொடவில்லை. நெய் பூசி உருண்டைச் சோற்றுக்குள் வைத்தேன். நெய்யை நக்கிவிட்டுச் சோற்றை மூக்கால் தள்ளியது. இன்னொரு குளிசையைப் பொடியாக்கிப் பாலில் கலந்தேன். ஒரு நக்கு நக்கிவிட்டு வாயில் நுரை தள்ள முற்றமெல்லாம் ஓடியது. கடைசியாக வாயைத் திறந்து போடலாம் என்று தாடையில் கை வைத்தேன். கடிக்கவில்லை. ஆனால் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு, தரையோடு ஒட்டி, மூத்திரம் போய்விட்டது. அதைப் பார்த்த பிறகு எனக்குக் கை வரவில்லை. உனக்கு நான் கம்பி கட்டமாட்டேனடி என்று சொல்லிவிட்டுக் கந்தோருக்கு வெளிக்கிட்டேன்.

கந்தோரில் எனக்குப் பக்கத்து மேசை குருநகர்ப் பிள்ளை. வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிற ஆட்கள். அவளுடைய தகப்பன் இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர். மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க மீன்பொரியல் மணந்தது. நான் கதையைச் சொன்னேன்.

"ஏன் அக்கா, நாயும் நேர்த்தி வைச்சதோ?" என்று கேட்டாள்.

"பகிடி விடாதை. அந்தக் குட்டியள் செத்தால் என்னாலை தாங்கேலாது."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டுத் தன்னுடைய பொரியலில் நடுத்துண்டைக் கடதாசியில் சுற்றித் தந்தாள். தான் வெறுஞ்சோற்றைக் குழம்போடு சாப்பிட்டாள்.

மீன் கிடைத்துவிட்டது. இனி அதைப் படலைக்குள் கொண்டுபோகாமல் நாய்க்குக் குடுக்க வேண்டும். பஸ்ஸுக்குள்ளேயே முழு ஏற்பாடும் செய்துவிட்டேன். படலைக்கு வெளியே நின்று நாயைக் கூப்பிடுவது, ஒழுங்கையில் வைத்தே தீற்றுவது, அப்படியே நேரே தோட்டத்துக் கிணற்றடிக்குப் போய்த் தலையில் தண்ணீர் வார்ப்பது. மச்சம் தொட்ட கையோடு வீட்டுக்குள் கால் வைக்க ஏலாது. அவர் பின்னேரப் பூசை முடிந்து வந்துவிடுவார், அதற்கு முன் எல்லாம் முடிய வேண்டும். நேர்த்தியும் முறியாமல் குளிசையும் போகிற மாதிரி ஒரு வழி கண்டுபிடித்த என்னுடைய கெட்டித்தனத்தை நினைக்க எனக்கே சிரிப்பு வந்தது.

எல்லாம் நினைத்தபடியே நடந்தது. நாய் ஓடி வந்தது. மீன் துண்டைப் பிளந்து குளிசையை நடுவில் வைத்து மூடி நிலத்தில் போட்டேன். வாயால் கவ்வியது. அதோடு நான் திரும்பி வேலியோரமாகக் கிணற்றடிக்கு ஓடினேன். உடுத்த சீலையோடு தோய்ந்தேன், கடதாசியை எரித்தேன், விளக்குக் கொளுத்தினேன். கலண்டர் வட்டத்துக்குள் பெரிதாக ஒரு சரி போட்டேன்.

இரண்டு கிழமை நான் நிம்மதியாக இருந்தேன். பிறகு ஒரு காலமை கறுப்புக் குட்டியைத் தூக்கினபோது வயிறு கைக்கு இறுக்கமாகப் பட்டது. முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வாயைத் திறந்து பார்த்தேன், பல்முரசு வெளிறிப்போய்க் கடதாசி நிறத்தில் இருந்தது. மற்ற இரண்டின் வயிறும் கொஞ்சம் பொம்மித்தான் இருந்தன. போன வருடத்துப் படம் தொலைபேசியில் இல்லாவிட்டாலும் எனக்கு அப்படியே தெரிந்தது. வைத்தியருக்கு எடுத்தேன்.

"தாய்க்கு ரெண்டாந்தரம் குடுத்தனீங்களோ?"

"ஓம், அதே நாள் குடுத்தனான்."

"விழுங்கினதைக் கண்ணால கண்டனீங்களோ?"

மீனைக் கவ்வினதைத்தான் கண்டேன். அதற்குப் பிறகு நான் கண்டது கிணற்று வாளியை.

"தோயப் போயிட்டன் டொக்டர்," என்றேன். அவர் விளக்கம் கேட்காமல், மூன்றாந்தர மருந்தை இன்றைக்கே எல்லாருக்கும் குடுக்கச் சொன்னார். கறுப்பைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார்.

நான் தொலைபேசியை வைக்கும்போது என் மனிசன் கொட்டிலுக்குள் நின்றார். தேருக்கு மூன்று நாள் இருந்தது. கோயிலால் வந்த வேட்டியோடும் திருநீற்றோடும் குனிந்து, குட்டிகளின் கீழே விரித்திருந்த சாக்கை மாற்ற இழுத்தார். சாக்குக்கு அடியில் ஒரு மீன் முள்ளு. எறும்பு மொய்த்துச் சதை ஒன்றும் மிச்சமில்லை. பக்கத்தில் குளிசை, முழுதாக.

நாய் மீனை ஒழுங்கையில் தின்னவில்லை. குட்டிகளிடம் கொண்டுவந்திருக்கிறது. படலைக்குள்ளால், முற்றத்துக்குள்ளால், வாயில் மச்சத்தோடு. நான் கிணற்றடியில் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த நேரம்.

அவர் குளிசையைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தார். ஒளிக்க ஒன்றும் இருக்கவில்லை. பொரியல் துண்டிலிருந்து தோய்ந்தது வரைக்கும் சொன்னேன். நேர்த்தி முறிந்துபோய் இரண்டு கிழமை, எனக்குத் தெரியவே தெரியாது. அவருக்கு ஏதும் நடந்தால் நான்தான் காரணம், குட்டிகளுக்கு நடந்தாலும் நான்தான் காரணம். நின்ற இடத்தில் அழுதேன்.

"இஞ்சேர்," என்றார். "மச்சம் எப்ப உள்ளுக்கு வந்தது?"

"எட்டாம் திருவிழாவண்டு."

"இண்டைக்கு என்ன?"

"இருபத்தோராம் திருவிழா."

அவர் தன்னுடைய நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்.

"நான் நிக்கிறன்தானே," என்றார். "குட்டிதான் நிக்கேலாமல் கிடக்கு."

பிறகு பரணில் ஏறினார். கவிழ்த்துக் கிடந்த மச்சச் சட்டிகளில் சின்னதை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கத் தயங்கினேன். அவர் அதை முற்றத்தில், நடு வெயிலில் வைத்துவிட்டு, திருநீறும் சந்தனமும் அழியாத நெற்றியோடு மோட்டார் சைக்கிளை உதைத்தார். கோயில் காலம், மீன் சந்தையில் ஆள் இல்லை, இரண்டு சந்தை ஏறி இறங்கித்தான் நாலு சூடை வாங்கினதாகப் பிறகு சொன்னார். விற்றவர் அவருடைய நெற்றியைப் பார்த்துவிட்டு, அண்ணை, ஆருக்கு என்று கேட்டாராம். நாய்க்கு என்றாராம். எல்லாரும் நாய்க்கெண்டுதான் வாங்கினம் என்றாராம் மீன்காரர்.

மூன்று கல் வைத்து முற்றத்திலேயே மீனை அவித்தோம். ஒழுங்கையால் போகிறவர்களுக்கு மணந்திருக்கும். நான் குளிசையைச் செருகினேன், அவர் முட்டுக்காலில் இருந்து நாய்க்குப் போட்டார். அது குட்டிகளிடம் ஓடப் பார்த்தது. கொட்டில் வாசலை நான் மறித்து நின்றேன். நடு முற்றத்தில் நின்று விழுங்கியது. அதன் தொண்டை மேலே போய்க் கீழே இறங்கினதைக் கண்டேன்.

கறுப்புக் குட்டியை அன்றைக்கே கொண்டுபோனேன். வைத்தியர் ஊசி போட்டார், இரும்புச் சத்துக்கு ஒரு பாணியும் தந்தார். இரத்தம் நல்லாக் குறைஞ்சு போச்சு, பாப்பம் என்றார். நான் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திரிந்தேன், கந்தோருக்கு லீவு சொன்னேன். தேருக்கு முதல்நாள் மத்தியானம் அது என் மடியிலேயே செத்தது. சின்னதாக ஒரு மூச்சு விட்டது, பிறகு விடவில்லை. போன வருடம் நாலையும் தாட்ட எலுமிச்சையடியிலேயே அவர் அதையும் தாட்டார்.

மறுநாள் அவர் பிரதட்டை பண்ணினார். நான் பின்னால், அடிக்கு ஒருதரம் விழுந்து கும்பிட்டு, அடியழித்துக்கொண்டு போனேன். மணல் சுட்டது. நான் வழக்கமாக அவருடைய நெஞ்சுக்காகத்தான் கும்பிடுவேன். அன்றைக்கு, நான் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் அந்தக் குட்டி இருந்திருக்கும் என்பதைத்தான் முருகனுக்கும் சொன்னேன். அவர் எழும்பி மணலைத் தட்டிவிட்டு, வீட்டை போய் மற்ற ரெண்டையும் பார் என்றார்.

மற்ற இரண்டும் தப்பிவிட்டன. ஒன்றைக் குருநகர்ப் பிள்ளை கொண்டுபோனாள். அங்கே விரதம் கிரதம் என்று ஒரு கரைச்சலும் கிடையாது, நன்றாகக் கொழுத்துவிட்டது. கொழுப்போ பூச்சியோ என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன், அவள் குளிசை குடுத்த திகதியைச் சொல்லுவாள். மற்றது எங்களோடு இருக்கிறது. தாய்க்குக் கருத்தடை செய்துவிட்டோம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருதரம்தான் குளிசை.

நேர்த்தியை நான் விடவில்லை. விட எனக்குத் துணிவில்லை. ஆனால் அடுத்த கொடியேற்றத்தன்று சன்னதியில் நின்று அதைத் திருத்திச் சொன்னேன். மச்சம் படலைக்குள் வராது, நாய்க்குக் குளிசை குடுக்கிற நாளைத் தவிர. ஒரு தரம் சொன்னால் போதாதோ என்று இரண்டு தரம் சொன்னேன்.

இந்த வருடமும் குளிசை நாள் திருவிழாவுக்குள்தான் வந்தது. பின்னேரம் முற்றத்தில் சட்டியை வைத்து மீனை அவித்து, தாய்க்கும் பிள்ளைக்கும் ஒவ்வொன்று போட்டேன். பிள்ளை உடனே விழுங்கியது. தாய் மீனைக் கவ்விக்கொண்டு நின்றது. அவர் கோயிலுக்குப் போக வேட்டி கட்டிக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி படலையடியில் காத்திருந்தார்.

"நேரம் போகுது. இன்னும் தோயேல்லையோ?"

"இது இன்னும் விழுங்கேல்லை," என்றேன்.

அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு வந்து எனக்குப் பக்கத்தில் நின்றார். என் கையில் மீன் மணம். கோயில் மணி கேட்கிற நேரம் கடந்துகொண்டிருந்தது. நாய் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு தலையை உயர்த்தி விழுங்கியது. இரண்டு பேரும் கண்ணால் கண்டோம். அதற்குப் பிறகுதான் நான் கிணற்றடிக்குப் போனேன்.